பூட்டிய கதவும் பறந்து வந்த பகைவரும்: மாஸ் எஃபெக்ட் கதையில் தர்க்கம் இடறும் இடங்கள்

கடந்த ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில், பினாங்கு மாநிலத்துப் பிறையில் உள்ள என் சித்தப்பா வீட்டில், அவர் மகனும் நானும் மாஸ் எஃபெக்ட் என்ற வீடியோ விளையாட்டுத் தொடரின் மூன்று பாகங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக விளையாடி முடித்தோம். மூன்றையும் மெருகேற்றி 2021-இல் ஒரே தொகுப்பாக வெளியிட்டார்களே, அந்தப் பதிப்பு. நான் ஏற்கெனவே பலமுறை விளையாடியவன். பதினேழு வயதுத் தம்பிக்கு எல்லாமே புதிது. மூன்றாம் பாகத்தின் தொடக்கத்தில், ரீப்பர்கள் எனப்படும் மாபெரும் இயந்திரக் கப்பல்கள் பூமியின் வானத்தைப் பிளந்துகொண்டு இறங்கி நகரத்தைச் சுட்டெரிக்கும் காட்சியில், அவன் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுக் கேட்டான்: "அண்ணே, இவனுங்க இப்படிப் பறந்தே வர முடியும்னா, மொத பாகத்துல அந்தக் கதவத் தொறக்க ஏன் அவ்ளோ பாடுபட்டாங்க?"

அப்போதைக்கு ஒரு பதில் சொல்லி ஆட்டத்தைத் தொடர்ந்தோம். அந்தப் பதில் எனக்கே நிறைவு தரவில்லை. இந்தத் தொடரின் கதையில் உள்ள ஓட்டைகளில் ஆகப் பெரியதை அவன் முதல் சுற்றிலேயே தொட்டுவிட்டான். மற்ற ஓட்டைகள் பலவும் அதனோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புள்ளவை. அவை எவை, எப்படி நேர்ந்தன, அவற்றில் எவற்றை மன்னிக்கலாம், எவற்றை மன்னிக்க முடியாது என்பதைப் பொறுமையாக எழுதிப் பார்க்க வேண்டும் என்று அன்றே தோன்றியது. மூன்று பாகங்களின் முடிவும் இதில் வரும் என்பதால், இன்னும் விளையாடாதவர்கள் விளையாடிவிட்டு வந்து படிப்பதே நல்லது.

முதலில் கதையின் சட்டகம். கனடாவின் எட்மன்டன் நகரத்துப் பயோவேர் நிறுவனம் முதல் பாகத்தை 2007 நவம்பரிலும், இரண்டாம் பாகத்தை 2010 ஜனவரியிலும், மூன்றாம் பாகத்தை 2012 மார்ச்சிலும் வெளியிட்டது. கதைக்குள் காலம் 2183-இல் தொடங்கி 2186-இல் முடிகிறது. 2148-இல் செவ்வாய்க் கிரகத்தில், மறைந்துபோன புரோத்தியன் என்ற இனத்தின் இடிபாடுகளை மனிதர்கள் கண்டெடுக்கிறார்கள்; அவற்றின் துணையோடு, விண்மீன் கூட்டங்களுக்கிடையே கப்பல்களை நொடியில் வீசியெறியும் மாஸ் ரிலே என்ற வாயில்களைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கிறார்கள். அந்த வாயில்களின் நடுமையத்தில் சிட்டாடெல் என்ற பிரம்மாண்ட விண்நகரம் இருக்கிறது. பல இனங்களின் அரசுகளும் சேர்ந்து அங்கே ஒரு பேரவையை நடத்துகின்றன. அவ்வினங்களில் ஒன்றின் பெயர் டூரியன். நம் ஊரில் அந்தப் பெயரைக் கேட்டதும் பழத்தின் நினைவுதான் முதலில் வரும், ஆனால் கதையில் அவர்கள் கண்டிப்பு மிகுந்த போர்வீரர்கள்.

முதல் பாகத்தின் உச்சத்தில் வெளிப்படும் உண்மை இதுதான்: சிட்டாடெலையும் ரிலேக்களையும் கட்டியவர்கள் புரோத்தியர்கள் அல்லர், ரீப்பர்கள். சிட்டாடெல் ஒரு பொறி. விண்மீன் மண்டலத்துக்கு வெளியே, ஒளியற்ற பெருவெளியில் உறங்கிக்கொண்டிருக்கும் ரீப்பர்கள் 50,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை உள்ளே நுழைவதற்கான வாயிலும் அதுவே. சாவரின் என்ற ஒரே ஒரு ரீப்பர் மட்டும் உள்ளே காவல் இருக்கும். நேரம் வந்ததும் அது சைகை அனுப்ப, சிட்டாடெலைப் பராமரிக்கும் கீப்பர் என்ற உயிரினங்கள் வாயிலைத் திறந்துவிடும். முந்தைய சுழற்சியில் உயிர் தப்பிய சில புரோத்திய அறிவியலாளர்கள் கீப்பர்களின் செயல்முறையை மாற்றிவிட்டதால், இம்முறை சைகை பலிக்கவில்லை. எனவே சாவரின், சாரென் என்ற டூரியனைத் தன்வசப்படுத்தி, கெத் என்ற இயந்திரப் படையைத் திரட்டி, சிட்டாடெலை நேரடியாகத் தாக்குகிறது. நாம் ஆடும் நாயகப் பாத்திரமான ஷெப்பர்ட் அதைத் தடுக்கிறார். சாவரின் அழிகிறது. கதவு மூடியே இருக்கிறது.

இது மிக நேர்த்தியான கட்டுமானம். ஐலோஸ் என்ற பாழடைந்த கிரகத்தில், அணைந்துகொண்டிருக்கும் விஜில் என்ற கணினி மனம் இந்த வரலாற்றைச் சொல்லி முடிக்கும்போது, அதுவரை சிறு சிறு புதிர்களாகச் சிதறிக் கிடந்த ஒவ்வொன்றும் தன் இடத்தில் போய்ப் பொருந்துகிறது. கீப்பர்கள் ஏன் யாரோடும் பேசுவதில்லை, சிட்டாடெல் பூங்காவில் நிற்கும் ரிலே வடிவச் சிலை எதற்காக, சாரெனுக்குப் புரோத்தியத் தொல்பொருள்மீது ஏன் அத்தனை வெறி என்ற எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே விடை கிடைக்கிறது. இந்த நேர்த்திதான் பின்னால் வந்த பாகங்களுக்குச் சுமையாயிற்று.

ஏனென்றால் இரண்டாம் பாகத்தின் கடைசிக் காட்சியில் ரீப்பர்கள் பெருவெளியில் கண்விழித்து, நம் விண்மீன் மண்டலத்தை நோக்கி நேராகப் பறக்கத் தொடங்குகிறார்கள். 2011 மார்ச்சில் வெளியான 'அரைவல்' என்ற துணைக்கதையில் அவர்கள் பஹாக் விண்மீன் குடும்பத்தின் ரிலேயை அடைய இன்னும் இரண்டே நாள்தான் இருக்கிறது. ஷெப்பர்ட் ஒரு விண்கல்லை மோதவிட்டு அந்த ரிலேயைத் தகர்த்து, பத்தேரியர் என்ற இனத்தவர் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரின் உயிரை விலையாகக் கொடுத்து, சில மாத அவகாசம் வாங்குகிறார். மூன்றாம் பாகம் தொடங்கும்போது ரீப்பர்கள் வந்தே விடுகிறார்கள். சாவரின் வீழ்ந்தது 2183-இல். பூமி தாக்கப்பட்டது 2186-இல்.

மூன்றாம் பாகத்தின் கோடெக்ஸ், அதாவது விளையாட்டுக்குள் இருக்கும் தகவல் களஞ்சியம், ரீப்பர்கள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 30 ஒளியாண்டு தூரம் பறக்கவல்லவர்கள் என்கிறது. இரண்டரை ஆண்டு என்பது தோராயமாக 900 நாள் என்று வைத்தால் 27,000 ஒளியாண்டு. பெருவெளியிலிருந்து மண்டலத்தின் விளிம்பை எட்ட அது போதும் என்பதே கதையின் கணக்கு. இப்போது இதை முதல் பாகத்தின் இன்னொரு செய்திக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ராக்னி என்ற பூச்சியினத்தோடு நடந்த போர்களுக்குப் பின்னாலும் ஏதோ ஓர் அந்நியக் குரல் இருந்தது என்பதை ராக்னி அரசியின் பேச்சு குறிப்பாக உணர்த்துகிறது. அது சாவரினின் முந்தைய முயற்சி என்று கொண்டால், மூன்றாண்டுக்குள் பறந்து முடிக்கக்கூடிய தூரத்துக்காக ஒரு கதவின் முன் இரண்டாயிரம் ஆண்டு காத்துக் கிடந்திருக்கிறது. தன் உயிரையும் அங்கேயே விட்டிருக்கிறது.

பினாங்கில் இருப்பவர்களுக்கு இதை இப்படிச் சொல்லலாம். தீவுக்குள் நுழையப் பாலம் ஒன்றே வழி என்று முதல் நூல் முழுக்கச் சொல்லி, பாலத்தின் வாயிலைக் கைப்பற்ற நடந்த போரையே கதையாக்கி, வாயில் காப்பாற்றப்பட்டதை வெற்றியாகக் கொண்டாடிவிட்டு, மூன்றாம் நூலில் பகைவர் படை எதிர்க்கரைப் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறித் தீவின் ஜோர்ஜ்டவுனில் இறங்கிவிட்டது என்று எழுதினால் வாசகர் என்ன கேட்பார்? ஃபெரி இருப்பது பகைவருக்கு முன்பே தெரியாதா என்றுதான் கேட்பார்.

இதற்கு நியாயமான ஒரு மறுமொழி உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சிட்டாடெல் வழியாக வருவதில் நேரச் சிக்கனத்தைவிடப் பெரிய ஆதாயங்கள் இருக்கின்றன என்பதை விஜிலே விளக்குகிறது. எதிர்பாராத நொடியில் ஆட்சியாளர்கள் அனைவரையும் ஒரே அடியில் ஒழிக்கலாம். மக்கள்தொகைப் பதிவுகள், குடியேற்றங்களின் வரைபடங்கள் எல்லாம் கைக்கு வந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ரிலே வலையமைப்பின் கட்டுப்பாடு கிடைப்பதால், ஒவ்வொரு விண்மீன் குடும்பத்தையும் துண்டித்து, தனித்தனியாக, அவசரமின்றி அழிக்கலாம். புரோத்தியர்களின் பேரரசு அப்படித்தான் வீழ்ந்தது. ஆகவே கதவு என்பது வசதி, பறப்பது மாற்று வழி என்று கொள்ளலாம். நான் தம்பிக்கு அன்று சொன்ன பதிலும் இதுவே.

அவன் அடுத்த வாரமே அதை உடைத்தான். ரிலேக்களின் கட்டுப்பாடு அவ்வளவு பெரிய ஆயுதம் என்றால், மூன்றாம் பாகத்தில் ரீப்பர்கள் வந்ததும் வராததுமாக சிட்டாடெலை அல்லவா பிடித்திருக்க வேண்டும்? பிடிக்கவில்லை. பூமியையும் டூரியன்களின் தாயகத்தையும் தாக்கிக்கொண்டே, கதையின் முக்கால் பங்கு முடியும்வரை சிட்டாடெலைத் தீண்டாமல் விட்டுவைக்கிறார்கள். அங்கே கடைகள் திறந்திருக்கின்றன, அகதிகள் வந்து சேர்கிறார்கள், ஷெப்பர்ட் எல்லா ரிலேக்களையும் தாராளமாகப் பயன்படுத்திப் படை திரட்டுகிறார். கடைசியில், செர்பெரஸ் என்ற ரகசிய அமைப்பின் தலைவனான இல்லூசிவ் மேன் போய்ச் சொன்ன பிறகுதான் சிட்டாடெலைக் கைப்பற்றிப் பூமிக்கு அருகே நகர்த்துகிறார்கள். அப்போதும் ரிலேக்களை அடைப்பதில்லை. நேசநாட்டுக் கப்பற்படை முழுவதும் ரிலே வழியாகவே வந்து இறங்குகிறது.

கவனிக்க வேண்டியது, இந்த ஓட்டையை அடைக்க அதிகம் தேவைப்பட்டிருக்காது என்பதே. பறந்து வந்ததற்கு ரீப்பர்கள் ஒரு விலை கொடுத்தார்கள் என்று காட்டியிருந்தால் போதும்: வழியில் பாதிப் படை ஆற்றல் தீர்ந்து உறைந்துபோயிற்று, அல்லது புரோத்தியர்களின் மாற்றம் சிட்டாடெலின் உட்கட்டுப்பாடுகளையும் பூட்டிவிட்டது என்று ஓரிரு உரையாடல்கள். கதவு மூடப்பட்டதால் எதிரி பலவீனமாக வந்தான் என்றாகியிருந்தால் முதல் பாகத்தின் வெற்றிக்கும் மதிப்பு மிஞ்சியிருக்கும். முழு வலிமையோடு வந்து இறங்கியதால், அந்த வெற்றி மூன்றாண்டுத் தாமதமாகச் சுருங்கிவிட்டது.

சிட்டாடெலைப் பற்றிய இரண்டாவது முரண் இன்னும் ஆழமானது, ஆனால் சில வரிகளில் சொல்லிவிடலாம். மூன்றாம் பாகத்தின் இறுதியில் ஷெப்பர்டின் முன் ஒரு சிறுவனின் உருவில் கேட்டலிஸ்ட் தோன்றுகிறது. ரீப்பர்களை ஆள்வது தானே என்றும், சிட்டாடெல் தன்னில் ஒரு பகுதி என்றும் அது கூறுகிறது. அப்படியானால் முதல் பாகத்தில் அது என்ன செய்துகொண்டிருந்தது? வாயிலின் உள்ளேயே குடியிருக்கும் தலைவனுக்கு வெளியே நிற்கும் காவலாள் எதற்கு, சைகை எதற்கு, கீப்பர்கள் எதற்கு? கேட்டலிஸ்டுக்குக் கைகள் இல்லை, அது வெறும் பார்வையாளர் என்று ரசிகர்கள் விளக்கம் தருகிறார்கள். அதைக் கதை எங்குமே சொல்லவில்லை. 2012 ஆகஸ்டில் வந்த 'லெவியாத்தன்' துணைக்கதை அந்த மனத்தை யார் உருவாக்கினார்கள் என்பதை விரிவாகச் சொன்னது. முதல் பாகத்தில் அது ஏன் சும்மா இருந்தது என்பதைச் சொல்லவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. கதையில் சொல்லப்படாத ஒன்று வேறு, கதை தானே சொன்னதை மறுப்பது வேறு. சாரென் பேரவையின் நம்பிக்கைக்குரிய ஸ்பெக்டராக, அதாவது சிறப்பு முகவராக, இருந்த காலத்தில், யாரும் சந்தேகப்படாதபோதே சிட்டாடெலுக்குள் நடந்து சென்று வாயிலைத் திறந்திருக்கலாமே என்ற கேள்வியைப் பலர் ஓட்டை என்கிறார்கள். அது விடுபடல்தான். சாவரின் சிட்டாடெலோடு நேரடியாக இணைய வேண்டியிருந்தது, ஒரு தனி ஆளால் காவல் கப்பற்படையைச் சமாளிக்க முடியாது என்று கதையின் விதிகளுக்குள்ளேயே நாம் நிரப்பிக்கொள்ளலாம். கதாபாத்திரம் ஒரு முட்டாள்தனமான முடிவை எடுப்பதும் ஓட்டையல்ல, மனிதர்கள் எடுக்கிறார்கள். ஆனால் கதை வகுத்த விதியை அதே கதை காரணமில்லாமல் மீறும்போது, நம்மால் நிரப்ப இடமே இல்லாமல் போகிறது. அதைத்தான் நான் ஓட்டை என்கிறேன்.

அத்தகைய மீறலைச் சின்னஞ்சிறு பொருள் ஒன்றில் பார்க்கலாம். முதல் பாகத்தில் துப்பாக்கிகளுக்குத் தோட்டா தீர்வதே இல்லை. ஓர் உலோகக் கட்டியிலிருந்து மணலளவு துணுக்குகளைச் சீவி எறியும் துப்பாக்கிகள் அவை. அதிகம் சுட்டால் சூடேறி நின்றுவிடும், சற்றுப் பொறுத்தால் ஆறிவிடும். கோடெக்ஸ் இதை மிக விரிவாக விளக்கியிருந்தது. இரண்டாம் பாகத்திலோ, சூட்டை வாங்கிக்கொள்ளும் தெர்மல் கிளிப் என்ற சிறு உருளையைக் கழற்றி மாட்டினால்தான் துப்பாக்கி சுடும். கிளிப் இல்லையென்றால் அது வெறும் இரும்பு. இடைப்பட்ட ஈராண்டில், கெத்களோடு போரிட்ட அனுபவத்தால், எல்லாப் படைகளும் இந்த முறைக்கு மாறிவிட்டன என்பது கொடுக்கப்பட்ட காரணம். ஆட்டத்தின் நோக்கில் இந்த மாற்றம் நல்லதே: சண்டையில் இடம் மாறவும், கணக்குப் பார்த்துச் சுடவும் அது நம்மைத் தூண்டுகிறது.

ஆனால் இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தை நினைவுபடுத்திப் பாருங்கள். தன் கப்பலான நார்மண்டி தகர்ந்து, ஷெப்பர்ட் மூச்சுத் திணறி இறந்து, செர்பெரஸ் அமைப்பின் ஆய்வுக்கூடத்தில் ஈராண்டுக்குப் பின் மேசைமீது கண் திறக்கிறார். முகத்தில் தழும்புகள் ஆறவில்லை. எச்சரிக்கை மணி அலறுகிறது. செர்பெரஸைச் சேர்ந்த மிராண்டாவின் குரல் ஒலிபெருக்கியில் அவசரப்படுத்துகிறது. தட்டுத்தடுமாறி எழுந்து, அலமாரியிலிருந்து கைத்துப்பாக்கியை எடுத்தவர் சொல்லும் முதல் வார்த்தைகளில் ஒன்று, இதில் தெர்மல் கிளிப் இல்லையே என்பது. தான் இறந்து கிடந்த காலத்தில் புழக்கத்துக்கு வந்த ஒரு பொருளின் பெயர், விழித்த ஒரு நிமிடத்துக்குள் அவருக்கு எப்படித் தெரிந்தது? தம்பி இதைக் கவனிக்கவில்லை. நான் காட்டியதும் அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டு இரண்டு முறை கேட்டான்.

அதே பாகத்தில் ஷெப்பர்டின் தோழன் ஜேக்கப்பின் தந்தையைத் தேடிச் செல்லும் பணி இதைவிட மோசம். ஹியூகோ கெர்ன்ஸ்பேக் என்ற கப்பல் பத்தாண்டுகளுக்கு முன் ஒரு கிரகத்தில் விழுந்து நொறுங்கியது. தப்பியவர்கள் அன்று முதல் வெளியுலகத் தொடர்பே இல்லாமல், அறிவை மழுங்கடிக்கும் காய்கனிகளைத் தின்று வாழ்கிறார்கள். அந்தப் பணியின் கதை உண்மையிலேயே மனத்தைக் கலக்குவது. அந்தக் கடற்கரை முகாமில், துருவேறிய பெட்டிகளுக்கு நடுவே, ஈராண்டுக்கு முன்தான் உலகில் தோன்றிய தெர்மல் கிளிப்புகள் பளிச்சென்று கிடக்கின்றன. யார் கொண்டுவந்து போட்டார்கள்? ஆட்டக்காரருக்குத் தோட்டா தீரக் கூடாது என்ற தேவை கொண்டுவந்து போட்டது. இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கலாம். கதையின் போக்கை இது மாற்றுவதில்லைதான். ஆனால் முதல் பாகம் துப்பாக்கி எப்படிச் சுடுகிறது என்பதைக்கூடப் பக்கம் பக்கமாக எழுதி, எங்கள் உலகில் எதற்கும் காரணம் உண்டு என்று வாக்குக் கொடுத்தது. அந்த வாக்கை நம்பிக் கோடெக்ஸை வரிவரியாகப் படித்தவர்களுக்குத்தான் இது முள்ளாகக் குத்துகிறது.

ஷெப்பர்டின் மறுபிறப்பையும் இங்கேயே சொல்லிவிடலாம். வளிமண்டலத்தில் விழுந்து சிதைந்த உடலுக்கு 400 கோடி கிரெடிட் செலவில் உயிரூட்டினார்கள். மரணத்தையே வென்ற இந்த அறிவியல் அதன்பின் எவருக்கும் பயன்படவில்லை, அதைப் பற்றி ஒரு தத்துவக் கேள்வியும் பெரிதாக எழவில்லை. ஷெப்பர்டைப் பேரவையிலிருந்தும் பழைய நண்பர்களிடமிருந்தும் பிரித்து, செர்பெரஸிடம் கொண்டுபோய்ச் சேர்க்க ஆசிரியர்களுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அந்த வேலை முடிந்ததும் மரணத்தை மறந்துவிட்டார்கள். அந்த செர்பெரஸும் அப்படியே. இரண்டாம் பாகத்தில் அதன் ஆட்கள் மொத்தம் சுமார் 150 பேர் என்று கப்பலின் செயற்கை மனமான ஈடி சொல்கிறது. மூன்றாம் பாகத்தில் அது கிரகங்களைத் தாக்கும் பெரும்படையாகி, சிட்டாடெலுக்குள்ளேயே புகுந்து ஆட்சியைக் கவிழ்க்கப் பார்க்கிறது. அகதிகளைப் பிடித்து மனத்தை மாற்றிப் படையாக்கினார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. நடுவில் கழிந்த காலம் ஓராண்டுதான் என்பதால் அது எடுபடவில்லை.

பேரவை ரீப்பர்களை நம்ப மறுப்பதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். ஓரளவு நான் பேரவையின் பக்கம். மக்களிடையே பீதி பரவும் என்று அஞ்சி உண்மையை மறைக்கும் அரசுகள் எந்தக் காலத்திலும் உண்டு. சாட்சியான விஜிலும் அதற்குள் அணைந்துவிட்டது. இடிப்பது வேறொரு இடம். சாவரினின் சிதைவுகளை ஆராய்ந்த டூரியன்கள், தாக்குதல் நடந்த 11 மாதத்தில் அதன் பீரங்கியைப் பார்த்துத் தானிக்ஸ் என்ற புதிய பீரங்கியை உருவாக்கிவிடுகிறார்கள். நம் டூரியன் தோழன் கேரஸ் அதை நம் கப்பலிலும் பொருத்தித் தருகிறான். அதே நேரத்தில் டூரியன் பேரவையாளர் விரல்களை மடக்கிக் காட்டி, ரீப்பர் என்று ஒன்று இல்லவே இல்லை, அது கெத்களின் கப்பல் என்கிறார். கெத்களிடம் அத்தகைய ஆயுதம் இதற்கு முன் இருந்ததில்லை என்பதை அவருடைய பொறியாளர்களே அவரிடம் சொல்லியிருப்பார்கள்.

இவ்வளவும் எப்படி நேர்ந்தன என்பதற்கு ஆசிரியர்களின் கவனக்குறைவு என்று ஒரே வார்த்தையில் விடை சொல்வது அநியாயம். முதல் பாகத்தின் தலைமைக் கதாசிரியர் ட்ரூ கார்பிஷின். இரண்டாம் பாகத்தில் அவரும் மேக் வால்டர்ஸும் சேர்ந்து தலைமை ஏற்றார்கள். பிறகு கார்பிஷின் வேறொரு விளையாட்டுக்கு மாறிவிட, மூன்றாம் பாகம் வால்டர்ஸின் தலைமையில் எழுதப்பட்டது. முடிவு என்னவென்று முதல் நாளிலேயே தீர்மானித்துவிட்டு எழுதிய கதை அல்ல இது. இரண்டாம் பாகத்தில் தோழி டாலியைச் சந்திக்கும் ஹேஸ்ட்ரம் கிரகத்தில், அங்குள்ள சூரியன் தன் வயதுக்கு மீறி வேகமாக மூப்படைகிறது, கரும் ஆற்றல் அதற்குக் காரணமாகலாம் என்று அழுத்தமாகக் காட்டியிருப்பார்கள். ரீப்பர்களின் நோக்கத்தைக் கரும் ஆற்றலோடு இணைக்கும் யோசனை ஒன்று இருந்ததாகவும், அது முழுமையாக உருப்பெறவில்லை என்றும் கார்பிஷின் பின்னாளில் கூறினார். அந்த யோசனை கைவிடப்பட்டது. சூரியன் மட்டும் விடையில்லாமல் மங்கிக்கொண்டே இருக்கிறது.

இன்னொரு காரணம் இந்தத் தொடரின் சிறப்பிலேயே இருக்கிறது. ஒரு பாகத்தில் நாம் எடுத்த முடிவுகள் சேமித்த கோப்பின் வழியாக அடுத்த பாகத்துக்குத் தொடரும் என்பதே இதன் பெரும் வாக்குறுதி. ராக்னி அரசியைக் கொல்லலாம், விட்டுவிடலாம். பேரவையின் மனிதப் பிரதிநிதியாக ஆண்டர்சனையோ உடினாவையோ முன்மொழியலாம். இப்படி ஒவ்வொரு கிளையும் இரண்டாகப் பிரிந்தால், மூன்றாம் பாகத்துக்குள் எத்தனை கதைகளை எழுதிப் படமாக்கிக் குரல் கொடுக்க முடியும்? ஆகவே கிளைகளைத் திரும்பவும் ஒன்றாகக் கட்டினார்கள். அரசியைக் கொன்றிருந்தாலும் ரீப்பர்கள் செயற்கையாக ஒன்றை உருவாக்கிவிட்டார்கள். ஆண்டர்சனைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் அவர் விலகி, பதவி உடினாவிடம் போய்விட்டது. ரீப்பர்களுக்கு ஊழியம் செய்யும் கலெக்டர்களின் தளத்தை அழித்தாலும் விட்டுவைத்தாலும் செர்பெரஸுக்கு ஏதோ ஒரு பகுதி கிடைத்துவிடுகிறது.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் இருப்பவன். எங்களிடம் ஓர் உதிரிபாகத்தின் அளவில் அரை மில்லிமீட்டர் மாற்றினாலும், அதைத் தொடும் எல்லா உதிரிபாகங்களின் ஆவணங்களையும் எடுத்துப் பார்த்துத் திருத்திய பிறகே உற்பத்திக்கு விடுவார்கள். ரீப்பர்களால் பறந்து வர முடியும் என்ற ஒரு வரியை இரண்டாம் பாகத்தில் சேர்த்தபோது, முதல் பாகத்தின் எத்தனை பக்கங்களை அது தொடுகிறது என்று யாராவது எடுத்துப் பார்த்திருந்தால் என்று எனக்கு ஏக்கமாக இருக்கிறது. வெளியாகிவிட்ட விளையாட்டைத் திருத்தி எழுத முடியாது. அடுத்து வந்த பாகத்தில் அதற்கு ஈடு செய்திருக்க முடியும்.

திருத்தவே முடியாது என்றும் சொல்வதற்கில்லை. மூன்றாம் பாகத்தின் முதல் வடிவில், எந்த முடிவைத் தேர்ந்தெடுத்தாலும் மாஸ் ரிலேக்கள் அனைத்தும் வெடித்துச் சிதறின. ஒரு ரிலே உடைந்தால் அந்த விண்மீன் குடும்பமே அழியும் என்று 'அரைவல்' ஓராண்டுக்கு முன்புதான் காட்டியிருந்தது. அப்படியானால் ஷெப்பர்ட் காப்பாற்றிய உலகங்கள் எல்லாம் அந்த நொடியிலேயே அழிந்திருக்க வேண்டும். கடைசிச் சண்டையில் லண்டனில் ஷெப்பர்டோடு ஓடி வந்த தோழர்கள் அடுத்த காட்சியில் எங்கோ தூரத்தில் நார்மண்டியிலிருந்து இறங்கி வந்தார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால் அந்தக் கொதிப்பை அழகாகவும் வெளிப்படுத்தினார்கள்: மருத்துவமனைக் குழந்தைகளுக்கான அறக்கொடைக்கு 80,000 டாலர் திரட்டினார்கள், சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறத்தில், ஒரே சுவையில், சுமார் 400 கப்கேக்குகளைப் பயோவேர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். மூன்று முடிவுகளும் நிறத்தில் மட்டுமே வேறுபடுகின்றன என்பது அதன் பொருள். 2012 ஜூன் 26-இல் பயோவேர் விரிவாக்கப்பட்ட முடிவை இலவசமாக வெளியிட்டது. அதில் ரிலேக்கள் சிதையாமல் சேதமடைகின்றன, பின்னர் பழுது பார்க்கப்படுகின்றன. தோழர்களை நார்மண்டி வந்து ஏற்றிச் செல்லும் காட்சியும் சேர்ந்தது. பகைக் கப்பல்களின் நேர் எதிரே நார்மண்டி நிதானமாக இறங்கி நிற்பது எப்படி என்ற புதுக் கேள்வியை அது எழுப்பினாலும், பழைய இரண்டு ஓட்டைகள் அடைபட்டன.

அடைபடாமல் போனது ஒன்று இருக்கிறது; தம்பிக்கு ஆத்திரம் வந்தது அதில்தான். ரான்னோக் கிரகத்தில் குவாரியர்களுக்கும், அவர்கள் படைத்த கெத்களுக்கும் இடையே முந்நூறு ஆண்டுப் பகை. முந்தைய பாகங்களில் சரியான முடிவுகளை எடுத்து வந்திருந்தால் மட்டுமே அங்கே சமாதானம் கைகூடும். அதற்காக அவன் இரண்டாம் பாகத்தின் ஒரு பணியை முதலிலிருந்து மறுபடி விளையாடினான். சமாதானம் நடந்தது. படைத்தவனும் படைக்கப்பட்டதும் ஒரே மண்ணில் வீடு கட்டத் தொடங்கினார்கள். சில மணி நேரம் கழித்து, கேட்டலிஸ்ட் அவன் முன் நின்று, படைக்கப்பட்ட இயந்திரங்கள் தம்மைப் படைத்தவர்களை எதிர்த்தே தீரும், அதைத் தடுக்கவே ரீப்பர்கள் என்று அடித்துச் சொன்னது.

அவன் உரையாடல் சக்கரத்தைத் திறந்தான். ஷெப்பர்டின் தலைக்கு மேலே, பூமியின் விளிம்பில் நடந்துகொண்டிருந்த போரில் குவாரியன் கப்பல்களும் கெத் கப்பல்களும் ஒரே அணியில் இருந்தன. அவற்றை அங்கே கொண்டுவந்து சேர்த்தவன் அவன்தான். அதைச் சொல்லிக் காட்ட ஒரு விடையாவது இருக்கும் என்று சக்கரத்தின் ஒவ்வொரு பக்கமாக நகர்த்திப் பார்த்தான். கேள்விகள் இருந்தன, மறுப்பு இருந்தது, ரான்னோக் இல்லை.

"சொல்ல விடவே மாட்டேங்கிறாங்கண்ணே," என்றான். கடைசி முடிவைத் தேர்ந்தெடுக்காமல் அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு, ரான்னோக்கில் சேமித்திருந்த கோப்பை மறுபடி ஏற்றினான்.